24 நடுகல் அட்டைகள்: எதைக் கட்டினோம், எதை அவிழ்த்தோம்

வேலை இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நிற்கும் நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்தவனுக்காக ஊரார் நட்ட கற்களை, இங்கில் வரைந்து, பின்பக்கம் சில வரியில் ஒரு குறிப்பு எழுதி, 24 அட்டை கொண்ட ஒரு தொகுப்பு ஆக்குவது. முன்பக்கம் படம், அதன் அடியில் கையால் எழுதிய ஊர்ப்பெயரும் எண்ணும்.

முதல் எட்டு அட்டையும் ஒரே கை போட்டதுபோல வந்தன. எட்டாவதில் சலிப்பும் வந்துவிட்டது. அதைப் போக்க அடுத்த நாலில் பேனா, நிறம், நிழல், வாக்கியம் என்று கைக்கு வந்ததையெல்லாம் மாற்றியதில், 12ஆம் அட்டை வேறு தொகுப்பிலிருந்து தவறி விழுந்தது மாதிரி ஆகிவிட்டது. அங்கே வேலையை நிறுத்தி, எது மாறினால் தொகுப்பு உடைகிறது, எது மாறினாலும் உடையவில்லை என்று பிரித்துப் பார்த்தோம். இந்தப் பதிவில் பாதி அந்தப் பிரிப்புதான். மீதி, பிரித்தபின் செய்த சோதனைகளும் அவற்றில் கெட்டுப்போனவையும்.

தாள்

300 ஜிஎஸ்எம் கனத்தில், சொரசொரப்பான கோல்ட் பிரெஸ் வாட்டர்கலர் தாள், 22க்கு 30 அங்குலம், மூன்று முழுத்தாள். மில்லிமீட்டரில் 559க்கு 762. அட்டை ஏ5 அளவு, 148க்கு 210. தாளின் நீளப்பக்கத்தில் 148 விழும்படி வைத்தால் ஐந்து, குறுக்கே 210 விழும்படி இரண்டு. ஒரு தாளுக்கு 10 அட்டை. திருப்பி வைத்தால் 9தான் தேறும். மூன்று தாளில் 30 அட்டை. 24 போக 6 கையிருப்பு.

இப்படி வெட்டும்போது ஒவ்வொரு தாளிலும் 139 மி.மீ. அகலத்தில் முழு நீளத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். அதைக் குப்பையில் போடக்கூடாது. இரண்டு பட்டையை ஐந்தைந்தாக வெட்டினால் பத்துச் சோதனைத் துண்டு கிடைக்கும். மூன்றாவது பட்டையை வெட்டாமல் வைத்தோம். சோதனையை அதே தாளில்தான் செய்ய வேண்டும். நோட்டுத் தாளிலோ மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாளிலோ நன்றாக வந்த வாஷ் (தண்ணீர் கலந்த இங்க் பூச்சு), பசை ஏற்றிய கனத்தாளில் வேறு மாதிரி ஓடும். 9ஆம் அட்டை கெட்டது இதனால்தான்: நோட்டில் பார்த்த மென்சாம்பல், அட்டையில் ஓரம் கறுத்த திட்டாக நின்றது.

மறைத்துப் பார்த்தல்

எட்டு அட்டையையும் கலர் ஜெராக்ஸ் எடுத்துத் தரையில் இரண்டு வரிசையாகப் பரப்பினோம். மூலத்தையும் ஜெராக்ஸையும் கலந்து வைத்தால் தாளே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லாமே நகலாக இருக்க வேண்டும். 3ஆம் அட்டைக்கு மட்டும் ஐந்து மாற்று நகல், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம்:

ஒன்றில் கல்லின் அடியில் இருந்த சிவப்பை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு. ஒன்றில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். ஒன்றில் அடி ஓரம் 36 மி.மீ.க்குப் பதில் 12. ஒன்றில் கல்லைச் சுற்றி விட்டிருந்த 3 மி.மீ. வெள்ளை விளிம்பை நிழலால் நிரப்பியது. ஒன்றில் நிழல் வலப்பக்கம் விழாமல் இடப்பக்கம் விழுவது.

மூன்றாவது இடத்தில் இந்த ஐந்தையும் மாற்றி மாற்றி வைத்து, வரைந்தவர்களைத் தெரியாத ஆட்களிடம், எட்டடி தள்ளி நிற்கவைத்து, ஒரே கேள்வி: "இதுல வேற ஆள் போட்டது எது?" அழகாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும், பயன்படாது.

நிழல் மாறியதை உடனே கை காட்டினார்கள். ஓரம் குறைந்ததையும் அப்படியே. ஒரே தடிமன் கோட்டைக் கொஞ்சம் யோசித்துக் காட்டினார்கள். வெள்ளை விளிம்பு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. சிவப்பு போனதைக் கண்டார்கள். ஆனால் "இது இன்னும் முடிக்கல போல" என்றார்கள், வேறு ஆள் என்று சொல்லவில்லை. கறுப்பும் சிவப்பும்தான் இந்தத் தொகுப்பின் பாணி என்று எட்டு அட்டை வரை நம்பிக்கொண்டிருந்தோம். அது இல்லையென்றாலும் குடி முழுகவில்லை.

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். நிழலை மாற்ற முதலில் போனில் படத்தை இடவலமாகத் திருப்பி அச்செடுத்தோம். அதில் நிழலோடு சேர்ந்து வீரனின் வாளும் இடக்கைக்குப் போய்விட்டது. பார்த்தவர்கள் கண்டுபிடித்தது நிழலையா, கையையா என்று சொல்ல முடியாமல் அந்தச் சுற்றே வீண். நிழலை மட்டும் மாற்றிச் சோதனைத் துண்டில் புதிதாக வரைந்து ஜெராக்ஸ் எடுத்தபிறகுதான் பதில் நம்பும்படி வந்தது.

ஆகக் கட்டியது மூன்று: ஒளி எப்போதும் இட மேல்மூலையிலிருந்து, அடி ஓரம் 36 மி.மீ., மற்ற மூன்று பக்கமும் 12. வெளிக்கோடு உள்கோட்டைப் போல ஐந்து மடங்கு தடிமன். கடைசியில் விகிதத்தைக் கட்டினோமே தவிரப் பேனாவைக் கட்டவில்லை. 0.5, 0.1 பேனா ஜோடியிலும் அந்த விகிதம் கிடைக்கும், தூரிகையிலும் கிடைக்கும். மற்றதெல்லாம் அவிழ்த்துவிட்டது.

வெளிச்சத்தைக் கட்டுவது

ஒளி ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று விதி போடுவது சுலபம். கல் நம் விதிக்காக முகம் திருப்பி நிற்பதில்லை. ஒன்று கிழக்கு பார்க்கும், ஒன்று ஏரியைப் பார்க்கும், ஒன்று புளியமர வேருக்குள் சாய்ந்திருக்கும். புடைப்பும் ஆழமில்லாதது, உச்சிவெயிலில் உருவமே தெரியாது.

வழி இரண்டு. பகலில், கல்லின் மேல் கறுப்புக் குடை பிடித்து நேர்வெயிலை மறைத்துவிட்டு, இடப்பக்கம் மூன்று நாலு மீட்டர் தள்ளி ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் சாய்வாக அடிக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒன்றரை அடிக் கண்ணாடி போதும். கல்வெட்டு படிப்பவர்கள் பழகிய முறைதான். கல்லின் பரப்போடு ஒளி 10, 15 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது; நிமிர்ந்தால் அம்பும் இடைக்கச்சும் கரைந்துபோகும். இரண்டாவது வழி, பொழுது சாய்ந்தபின் எல்இடி டார்ச். அதையும் அதே இடப்பக்கம், அதே சாய்வில். முகத்துக்கு நேரே டார்ச் அடித்தால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாகிவிடும்.

இந்தப் பகுதிகளில் பல நடுகல் வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாகக் கும்பிடப்படுகிறது. எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் அதன் மேல் இருக்கும். துடைக்கக்கூடாது. எழுத்துத் தெரியவேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தேய்க்கவும் கூடாது. பொடி நுண்துளையில் தங்கிவிடும், தேய்த்தவர் நினைத்த வடிவமே அடுத்து வருபவர் கண்ணுக்கும் தெரியும். பூசாரியிடமோ நிலத்துக்காரரிடமோ கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுப் போனால் யாரும் மறுப்பதில்லை. எண்ணெய் ஏறிய கல் பளபளத்துக் கண்ணைக் கூசும். அப்போது ஒளியை இன்னும் தாழ்த்தி, பார்ப்பவர் ஒளி வரும் இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தால் பளபளப்பு விலகும்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்பொருள் காட்சியகம்) வரிசையாக நிற்கும் கற்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கை பழக அங்கே தொடங்குவது நல்லது.

இங்கும் தண்ணீரும்

கடையில் கிடைக்கும் சாதாரண இந்தியன் இங்க். இதை மைப்பேனாவில் ஊற்றக்கூடாது. காய்ந்தால் கரையாத பசை அதில் இருக்கிறது, பேனா அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்பு அல்லது தூரிகைதான். வாஷுக்கு மூன்று சின்னப் பாட்டில்: 1க்கு 4, 1க்கு 8, 1க்கு 16 தண்ணீர். ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் அளந்து ஊற்றி, மூடியில் எண் எழுதி வைத்தால் 1ஆம் அட்டையின் சாம்பலும் 20ஆம் அட்டையின் சாம்பலும் ஒன்றாக இருக்கும். கண்ணால் குத்துமதிப்பாகக் கலந்தால் மெல்ல மெல்லக் கறுப்பேறும்.

4, 5, 6ஆம் அட்டைகளின் வாஷில் கறுப்பு மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வந்தன. முதலில் இங்கைச் சந்தேகப்பட்டோம். காரணம் தண்ணீர். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இங்கில் மிதக்கும் கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரித்துவிடும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி அதில் கலந்ததும் புள்ளி நின்றது. தூரிகை கழுவும் கிண்ணத்திலும் கடைசி அலசல் அந்தத் தண்ணீரில்தான். இல்லாவிட்டால் தூரிகை முடியில் தங்கிய கடினத் தண்ணீரே பாட்டிலைக் கெடுக்கும். கலந்த இங்க் ஒரு வாரம் தாங்கும். அதற்குப்பின் பேட்டரித் தண்ணீரிலும் அடியில் தங்குகிறது. நீர்க்கும்போது இங்கின் பசையும் நீர்த்துவிடுவதால் துகளைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

அந்தப் புள்ளி விழுந்த மூன்று அட்டையையும் மாற்றவில்லை. கருங்கல்லின் சொரசொரப்பு அதில் தற்செயலாகவே வந்திருந்தது. வேண்டும்போது அதைத் திரும்ப வரவழைக்க, ஆழ்துளைத் தண்ணீரில் கலந்த நாலாவது பாட்டில் ஒன்று தனியாக இருக்கிறது.

முதல் அட்டை மேசையை விட்டு இறங்கக்கூடாது

ஆசாரி பத்துச் சட்டம் அறுக்கும்போது ஒவ்வொன்றையும் முதல் சட்டத்தை வைத்தே அளப்பார். இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நாலாவது என்று போனால், பத்தாவதில் விரற்கடை கூடிவிடும். 9 முதல் 12 வரை நடந்தது அதுவே. ஒவ்வொன்றும் முந்தையதோடு ஒத்துத்தான் இருந்தது. 1ஐயும் 12ஐயும் பக்கத்தில் வைத்தபோதுதான் விலகல் தெரிந்தது. அதன்பின் 1ஆம் அட்டை எப்போதும் கண் எதிரே.

விலகலில் முதலில் மாறுவது வேகம். 1ஆம் அட்டையின் வெளிக்கோட்டுக்கு 40 நிமிடம் ஆனது, 11ஆவதுக்கு 20. கை பழகியதன் லாபம் என்று தோன்றும். ஆனால் வேகமாக இழுத்த நிப்புக்கோடு மெலியும், வளைவுகள் வழுக்கிக்கொண்டு போகும். உளி கொத்திய கல்லில் அப்படி வழுக்கும் வளைவே இருக்காது. நேரத்தைக் குறித்து வைத்து, 30 நிமிடத்துக்குக் கீழே போனால் அந்தக் கோட்டை மறுபடி பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு அட்டைக்கு மேல் கிடையாது.

நாலுக்கு ஒன்று, ஒன்றில் ஒன்று

9 முதல் 12 வரையிலான நாலையும் கையிருப்பு அட்டையில் மறுபடி வரைந்தோம். கையிருப்பு இரண்டாகக் குறைந்தது. இனி 12, 16, 20, 24 மட்டும் சோதனை அட்டை. அதில் ஒன்றே ஒன்று மாறும். படத்தில் மாறினால் எழுத்தில் மாறாது. எந்த மாற்றமும் முதலில் சோதனைத் துண்டில், மூன்று வெவ்வேறு கல்லுக்குச் செய்து பார்த்தபிறகே அட்டைக்கு வரும். ஒரு கல்லில் நன்றாக வந்தது அந்தக் கல்லின் அழகாகவும் இருக்கலாம்.

பழைய 12இல் செம்மண் நிறமும் தூரிகைக் கோடும் ஒன்றாக நுழைந்திருந்தன. கெட்டது எதனால் என்று தெரியாமல் இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டிவந்தது, கெட்டது தூரிகையால். அதில் ஐந்து மடங்கு விகிதம் போய்விட்டிருந்தது. 2ஆம் எண் தூரிகையை உள்கோட்டுக்கும் 6ஆம் எண்ணை வெளிக்கோட்டுக்கும் பிரித்தபின் அது 16ஆம் அட்டைக்குச் சரியாக வந்தது.

கல் செதுக்கியவர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையின் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மன் காலத்தது. வீரன், ஆயுதம், மேலே வட்டெழுத்து என்று வழக்கமான அமைப்பு. கூட ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தே சொல்கிறது. மற்றதெல்லாம் மரபு வழியே நிற்பதால்தான் நாய் கண்ணில் படுகிறது. நம் ஊர்த் தெருக்கூத்திலும் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடித்தான் சபைக்கு வர முடியும். கட்டியங்காரன் மட்டும் இன்றைக்குக் காலையில் டீக்கடையில் கேட்டதை எடுத்துவிடலாம்.

செம்மண்

12ஆம் அட்டைக்கான மாற்றம்: கடையில் வாங்கிய பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்துக்குப் பதில், கல் நிற்கும் வயலின் செம்மண்.

மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து 100 கிராம். காயவைத்து, நுணுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். இதை இரண்டு முறை. செந்நீரை ஒருநாள் அசையாமல் வைத்து, தெளிந்த தண்ணீரை இறுத்து, அடியில் தங்கிய சேற்றைத் தட்டில் பரப்பி நிழலில் காயவைத்தால் மாவுபோல நிறமி கிடைக்கும். விரலில் தேய்த்தால் நெருடக்கூடாது.

பசைக்குக் கருவேலம் பிசின்: 1 பங்கு பிசின், 2 பங்கு வெந்நீர், இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் வடிகட்டியது. ஒரு தேக்கரண்டி நிறமிக்கு ஒரு தேக்கரண்டி பிசின்நீர், இரண்டு சொட்டுத் தேன். தேன் இல்லாவிட்டால் காய்ந்ததும் வெடிக்கும். பூஞ்சை வராமலிருக்கப் பிசின்நீரிலேயே ஒரு கிராம்பு போட்டு வைக்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் கரண்டியின் முதுகால் பத்து நிமிடமாவது அரைக்க வேண்டும்.

முதல் முறை பிசின் கூடிவிட்டது: காய்ந்ததும் வார்னிஷ் அடித்ததுபோல மினுங்கி, ஓரத்தில் சிலந்திவலை மாதிரி விரிசல். இரண்டாம் முறை குறைந்துவிட்டது: காய்ந்த நிறம் விரலோடு வந்தது. அளவு சரியா என்று பார்க்க, துண்டில் பூசி ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் மூன்று முறை தேய்த்துப் பார்த்தால் போதும். துணியில் இளஞ்சாயல் மட்டும் படிந்தால் சரி.

இது மூன்று கல்லிலும் நன்றாக வந்ததால் 13 முதல் விதியிலேயே சேர்த்தாகிவிட்டது. ஊருக்கு ஊர் மண் மாறுவதால் நிறமும் கொஞ்சம் மாறுகிறது. நிறம் அவிழ்த்துவிட்ட பட்டியலில் இருப்பதால் அதனால் கெடுதல் இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கல் அறுக்கும்போது வரும் சேற்றையும் இதேபோல நிறமியாக்கிப் பார்த்தோம். கறுப்புக் கல்லின் படத்தைக் கறுப்புக் கல்லாலேயே வரையலாமே என்ற ஆசை. ஈரத்தில் கறுப்பாக இருந்தது காய்ந்ததும் வெளிறிய சாம்பலாகிவிட்டது. மெருகேற்றிய பலகை ஒளியை விழுங்கும், மிக நுண்ணிய துகளாக அரைபட்ட கல்லோ அதைச் சிதறடிக்கும். போதாதற்குத் தூரிகை முனையும் தேய்ந்தது. காய்ந்த தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து, ஈரமாகவே கையாள வேண்டும். கைவிட்டோம்.

பின்பக்கத்து எழுத்து

எழுத்திலும் அதே மறைத்துப் பார்த்தல்தான். எட்டுக் குறிப்பிலும் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு, வேறு இடத்திலிருந்து எடுத்த இரண்டு பத்தியைக் கலந்து, ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். கண்ணால் படிப்பவர் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார். வாயால் படிப்பவர் நடையில் தடுக்கும் இடத்தில் தடுக்குவார். அதில் தேறியவை மூன்று: முதல் வாக்கியத்தில் கல்லைப் பற்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு செய்தி, வீரம், மாவீரன், தியாகம் போன்ற சொற்கள் எங்கேயும் இல்லை, கடைசியில் வாய் நின்று முடியும் தொடர் நாலு சொல்லுக்குள். யார் பேசுகிறார், எந்தக் காலம், எத்தனை வாக்கியம், எழுத்துத் தமிழா ஊர்ப்பேச்சா என்பதெல்லாம் மாறினாலும் நடை மாறியதாகத் தோன்றவில்லை.

புகழ்ச்சொல்லை விலக்கியதற்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானின் நடுகல்லைப் பாடும் ஔவையார் (புறநானூறு 232), மலைநாட்டையே சேர்த்துக் கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானோ என்றுதான் கேட்கிறார். அவன் வீரன் என்று ஒரு சொல் இல்லை.

நடுகற்களின் எழுத்தில் வருவது ஒரு தனி வாக்கிய அமைப்பு. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் தொறுக் கொண்ட ஞான்று பட்டான் இன்னான் கல் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை, ஞான்று என்றால் பொழுது, பட்டான் என்றால் இறந்தான். நடந்ததெல்லாம் முன்னால் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ‘கல்’ என்ற ஒரு சொல்லின் தலையில் இறங்கும். அதையே எடுத்து 7ஆம் அட்டையில் எழுதியது:

"ஏரிக்கரைப் புளியமரத்தடியில், முழங்கால்வரை மண்ணில் புதைந்து, விலாவில் இரண்டு அம்பும் கையில் இன்னும் தளராத வில்லுமாக, மாட்டையெல்லாம் மடக்கி ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டுத் தான் மட்டும் திரும்பாதவனுக்கு, அந்த மாட்டின் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள் நட்ட கல்."

ஒரே வாக்கியம், ஆனால் காற்புள்ளிதோறும் மூச்சு விட இடம் இருக்கிறது. "நட்ட கல்" என்று இரண்டு சொல்லில் வாய் நிற்பதால் மூன்றாம் விதியும் கெடவில்லை. வேலை செய்யும் உத்தி என்று தெரிந்ததும் அடுத்து மூன்று அட்டையிலும் அதையே போட்டோம். இரண்டாவதிலேயே வாசகர் ‘கல்’ வருவதை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார். மூன்றையும் மாற்றி எழுதினோம். 24இல் இரண்டே இரண்டில்தான் இப்போது அந்த முடிவு இருக்கிறது.

20ஆம் அட்டை எழுத்துச் சோதனை. படம் விதிப்படி, குறிப்பு முழுக்க, விளக்குப் போட வரும் ஒருத்தியின் வாய்மொழி மாதிரி:

"மூக்கு தேஞ்சுபோச்சு பாருங்க. எண்ணெ ஊத்தி ஊத்தியே தேஞ்சுது. யாரு எவருன்னு கேட்டா எங்களுக்கென்ன தெரியும், வேடியப்பன், அவ்வளவுதான். மாடு காணாமப் போனா இங்க வந்து ஒரு விளக்கு வெச்சுட்டுப் போவோம். ராத்திரிக்குள்ள மாடு வந்துடும்."

பேச்சுவழக்கில் எழுதும்போது கெடுவது எழுத்துக்கூட்டல். ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடி எழுதினால் படிக்கிறவர் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். வினைச்சொல்லை மட்டும் பேச்சில் விட்டு, பெயர்ச்சொல் பெரும்பாலும் எழுத்துவழக்கில் இருந்தால் காதில் பேச்சாகவே கேட்கும். மேலே மூக்கு, மாடு, விளக்கு எதுவும் மாறவில்லை. ‘எண்ணெ’ ஒன்றைத்தான் விட்டுக்கொடுத்தோம்.

கெட்டுப்போனது வரி உடைத்துக் கவிதையாக எழுதிய முயற்சி. மூன்று கல்லுக்கு எழுதிப் பார்த்தோம், மூன்றிலும் ‘மண் காத்த மறவனே’ ரகத்தில் ஏதாவது ஒன்று நுழைந்துவிட்டது. சோம்பல் ஒரு காரணம். வரியைத் துண்டாக்கும்போது ஒவ்வொரு துண்டும் தனியாகக் கண்ணை நிறுத்தியாக வேண்டும் என்ற பதற்றம் இன்னொரு காரணம். செய்தி குறைவாக இருக்கும் இடத்தை அடைமொழி வந்து நிரப்பிவிடுகிறது. பெயர்கூடப் படிக்கமுடியாத கல்லைப் பற்றி நமக்குத் தெரிந்த செய்தி மிகக் குறைவு. அதற்கு உரைநடைதான் தாங்கும்.

குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டை எண், மாற்றியது, தண்ணீர், வெளிக்கோட்டு நேரம், ஒளி கண்ணாடியா டார்ச்சா, முடிவு. தேறாத சோதனைத் துண்டுகளும் பின்னால் தேதி எழுதி அதே நோட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. கிரானைட் சாம்பல் பூசிய துண்டை மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, சுண்ணாம்பு அடித்த கல்லுக்கு அந்த வெளிறல்தான் பொருந்தும் என்று தோன்றியது. அதற்கு எந்த அட்டையும் இன்னும் ஒதுக்கவில்லை.

24ஆம் அட்டை

கிருஷ்ணகிரிப் பக்கம் பிற்காலக் கற்கள் சிலவற்றில் மூன்று அடுக்கு உண்டு. அடியில் சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் மேலே கொண்டுபோவது, உச்சியில் லிங்க வழிபாடு. ஏ5இல் அடக்கினால் முகங்கள் அரிசி அளவுக்குச் சுருங்கிவிடும். வெட்டாமல் வைத்த மூன்றாவது பட்டை இதற்குத்தான்: 139க்கு 762. நாலாக மடித்தால் ஒரு மடிப்பு 190 மி.மீ. சொச்சம், மற்ற அட்டைகளோடு அதே பெட்டிக்குள் அடங்கும். மேல் மூன்று மடிப்பும் மூன்று அடுக்கு, நாலாவது வயல்மண்.

மடிப்புக் கோட்டை எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் தாளை அப்படியே மடித்தால் நார் உடைந்து மேற்பரப்பு பிளக்கும். அழுத்துவதும் மடிப்பதும் வாஷ் முழுக்கக் காய்ந்த மறுநாள்தான். முதலிலேயே அழுத்தினால் அந்தப் பள்ளத்தில் இங்க் ஓடித் தேங்கி, மூன்று கறுப்புக் கோடு குறுக்கே விழும். சோதனைத் துண்டில் விழுந்தது. நிழல் நாலு மடிப்பிலும் வலப்பக்கமே. ஊர்ப்பெயரும் எண்ணும் கடைசி மடிப்பின் அடியில், 36 மி.மீ.க்குள்.